நான்காவது படம்

செஞ்சிக் கோட்டையை அடுத்த வல்லத்திலிருந்து ஒரு வாலிபன் பட்டாளத்தில் சேர்ந்தால், அவன் வீட்டுச் சுவருக்கு மூன்று படங்கள் வந்து சேரும். முதலாவது, மனுவில் ஒட்டிய படம். மயிர் வாரிய பள்ளிப்பிள்ளை. இரண்டாவது, நீலகிரி வெல்லிங்டன் மைதானத்தில் தலை கத்தரித்து நிற்கும் ரங்கரூட்டு. மூன்றாவது, தேசக் கொடியின் முன் பிரமாணம் செய்த சிப்பாய். 1758-இல் தோன்றிய மதராஸ் ரெஜிமெண்டு ஒரு காலத்தில் அன்னியக் கம்பெனிக்கு உழைத்தது. 1947 முதல் சுதந்திர பாரதத்தைக் காக்கிறது. இது நமக்குப் பெருமையே.

ஆயினும் நாம் கேட்பது நான்காவது படத்தைப் பற்றி. 2022-இல் சர்க்கார் வகுத்த அக்னிபத் விதிப்படி, பதினேழரை வயதில் சேருபவனுக்கு ஊழியம் நான்கே வருஷம். பின்னர் நூற்றுக்கு 25 பேர் வரையே நீடிக்கலாம். ஏனையோர் சுமார் 11.7 லட்சம் ரூபாயுடன் வீடு திரும்புவர், பென்ஷன் கிடையாது. இருபத்தொன்றரை வயதில் அவன் எங்கே போவான்? ரொக்கம் கரைந்துபோகும், வயிறு நிற்கும். மத்தியப் போலீசுப் படைகளில் இடம் ஒதுக்கியது நல்லதே. ஆனால் ஒதுக்கீடு என்பது உத்தியோகமாகாது. படைக்கு அழைக்கும் சர்க்கார், திரும்புகிறவனுக்குத் தொழிலையும் உறுதி செய்தல் வேண்டும். பிரமாணம் செய்தவன் அவன் மட்டுமல்லன். அதை ஏற்றுக்கொண்ட தேசமும் கடமைப்பட்டதே.