கடப்பாக்கல்லின் உள்ளே

உறுவையாற்றில் பழைய வீடு எதிலாவது அடுப்பு மேடையைப் பாருங்கள். கடப்பாக்கல் போட்டிருந்தால், எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்த இடத்தில் மினுக்கம் போய், வெளிறிய வட்டம் ஒன்று இருக்கும். துடைத்தாலும் போகாது. அது கறை இல்லை. புளிப்பு பட்டு அந்த இடத்தில் கல்லே கொஞ்சம் கரைந்திருக்கிறது.

கடப்பாக்கல் என்பது சுண்ணாம்புக்கல். மீன்கள் தோன்றுவதற்கும் முன்பு கடலடியில் படிந்தது. அந்தக் கல் வரும் வறண்ட ராயலசீமையில்தான், ஆந்திரத்தின் கொலிமிகுண்ட்லாவை அடுத்து பெலும் குகை இருக்கிறது. நீளம் 3,229 மீட்டர். பார்வையாளர் போக முடிவது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். வரும் விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த இடத்தைத்தான்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி அது. பக்கத்து அனந்தப்பூரில் ஆண்டு மழை 550 மில்லிமீட்டர் அளவுதான்; நம் புதுச்சேரியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. மே மாதத்தில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பர், ஜனவரிதான் சரியான காலம்.

குகைக்குள் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் திணறிப்போவார்கள். மண்ணுக்குக் கீழே பத்துப் பதினைந்து மீட்டர் போனாலே கோடையும் குளிரும் எட்டுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம்தான் பாறையில் நிலைத்து நிற்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் உள்ள கார்ல்ஸ்பாத் குகைகள் தேசியப் பூங்காவில் அது 13 டிகிரி. அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் இறங்க முடியாது. ராயலசீமையின் சராசரியோ 30 டிகிரியை ஒட்டியது. போதாததற்குக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது. மெல்லிய பருத்திச் சட்டை, வழுக்காத செருப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் போதும். உள்ளே காற்று வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்றாலும், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

1884இல் இந்தக் குகையைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவர்தான். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1980களின் தொடக்கத்தில், டேனியல் கெபவர் தலைமையில் வந்த ஜெர்மானியர்கள் ஊர்ந்தும் தவழ்ந்தும் உள்ளே அளந்தார்கள். பொதுமக்களுக்குத் திறந்தது 2002இல்.

இறங்கியதும் சுவரைப் பாருங்கள். உளியால் கொத்தியதுபோல் கூர்மையாக எதுவும் இருக்காது. எல்லா விளிம்பும் வழவழவென்று வளைந்து ஓடும். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. விரிசலில் புகுந்த அந்த நீர் கல்லைக் கரைத்துக் கரைத்தே இத்தனை மண்டபங்களையும் திறந்தது. பிறகு அதே நீர் கூரையிலிருந்து சொட்டும்போது சுமந்து வந்த சுண்ணாம்பைத் திருப்பி விட்டுவிடுகிறது. கோடிலிங்கம் எனப்படும் இடத்தில் கூட்டம் கூட்டமாக நிற்பவை அப்படிச் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கை வைக்கக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் அடுத்த சொட்டின் சுண்ணாம்பு ஒட்டாமல் போகலாம். உள்ளே போட்டிருக்கும் வண்ண விளக்குகளும் எனக்கு உவப்பில்லை. வெளிச்சமே அறியாத பாறையில் ஒளி பட்டால் பாசி பிடிக்கிறது. உலகெங்கும் குகைக் காவலர்களுக்கு அது தீராத தலைவலி. கடைசியில் பாதாளகங்கை, 46 மீட்டர் ஆழம். சிறு ஓடை ஒன்று அங்கே பாறைக்குள் நுழைந்து மறைகிறது.

மறுநாளை கண்டிக்கோட்டைக்கு ஒதுக்குங்கள். பெலுமிலிருந்து 60 கிலோமீட்டர் அளவு. இங்கே பாறை வேறு: குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகிக் கெட்டிப்பட்டது. எலுமிச்சை என்ன, எந்தப் புளிப்பும் அதைக் கரைக்காது. அதனால் இங்கே ஓடும் பெண்ணாறு கல்லைக் கரைக்காமல், வெடிப்புகளில் புகுந்து பாளம் பாளமாகப் பெயர்த்தே பள்ளத்தாக்கை அறுத்திருக்கிறது. விளிம்பில் நின்றால் செங்குத்துச் சுவரில் சிவந்த கற்கள் சதுரம் சதுரமாக அடுக்கியிருப்பது தெரியும். காலை வெயிலில் பாருங்கள். தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இந்தப் பெண்ணாறும் பங்காரு வாய்க்கால் வழியாக நம் பாகூர் ஏரியை நிரப்பும் தென்பெண்ணையும் நந்தி மலைப் பகுதியில் பிறந்தவை. ஒன்று வடக்கே திரும்பிப் பாறையை அறுத்தது. மற்றொன்று நம் வயலுக்கு வந்தது.

வில்லியனூரில் ரயிலேறினால் விழுப்புரம், காட்பாடி, ரேணிகுண்டா என்று மாறிப் போகலாம். இறங்க வேண்டியது தாடிபத்ரி. பெலும் அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்தால், தாடிபத்ரியில் பெண்ணாற்றங்கரையில் விஜயநகரக் காலத்து புக்க ராமலிங்கேசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். அத்தனை வறண்ட ஊரில், அங்கே கருவறையிலேயே ஊற்று இருக்கிறது.