சாகடிக்கும் கத்தரியைக் கடன் வாங்கும் வைரஸ்

டென்மார்க்கின் நடு யூட்லாந்தில் பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த ஊர் இக்காஸ்ட். அபிராமி அம்மன் கோயில் இருக்கும் பிராண்டேயும் இதே நகராட்சிதான் என்பதால், ஐரோப்பாவின் ஈழத்தமிழருக்குப் பழகிய வட்டாரம்.

யூட்லாந்தின் இன்னொரு முகமாக இருந்தவை, மென்மயிர்த் தோலுக்காக மிங்க் என்ற சிறுவிலங்கை வளர்த்த பண்ணைகள். 2020 நவம்பரில், கொரோனா பரவியதால் நாட்டிலுள்ள மிங்க் அத்தனையையும் அழிக்க அரசு முடிவெடுத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே பண்ணையாளர்கள் வேறொரு வைரஸோடு போராடி வந்தார்கள். அது தரும் நோயின் பெயர் அலூஷியன் நோய். டேனிஷ்காரர்களுக்கு அது பிளாஸ்மசைட்டோஸ்.

இந்த வைரஸின் தந்திரம் புரிய, முதலில் செல்லின் தற்காப்பைப் பார்ப்போம். வைரஸ் நுழைந்த செல், தன்னையே அழித்துக்கொள்ளப் பார்க்கும். பக்கத்துச் செல்களுக்குத் தொற்று பரவாமலிருக்க உடல் வைத்திருக்கும் கடைசிக் காவல் அது. இந்தத் திட்டமிட்ட சாவுக்கு 1972இல் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். வேலையை முடிப்பவை காஸ்பேஸ் என்ற நொதிகள். செல்லின் புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் நறுக்கும் கத்தரிகள்.

பல வைரஸ்கள் கத்தரியை முடக்கிவிடும். தமிழகப் பருத்தி விவசாயிகள் காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் என்பிவி வைரஸின் குடும்பத்தில் பி35 என்றொரு புரதம் உண்டு. காஸ்பேஸ் அதை வெட்டப்போய் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

அலூஷியன் வைரஸ் போகும் வழியே வேறு. இந்தச் சின்னஞ்சிறு பார்வோவைரஸுக்குக் கத்தரி ஓடியாக வேண்டும். அமெரிக்காவின் மொன்டானாவில் மார்ஷல் புளூமின் ஆய்வுக்குழு 2003இல் இதைக் காட்டியது: வைரஸின் என்எஸ்1 புரதத்தைக் காஸ்பேஸ் இரண்டு இடங்களில் வெட்டுகிறது, அங்கே வெட்டு விழாதபடி மாற்றிவிட்டால் வைரஸால் பெருக முடிவதில்லை. தன்னைக் கொல்ல வந்த ஆயுதத்தையே பிழைப்புக்கு வைத்துக்கொண்ட இந்த உயிரியல் வியக்கவைக்கிறது.

வியப்பு அதோடு முடியவில்லை. அதே வகை நொதி வைரஸின் மேலுறைப் புரதத்தையும் வெட்டுகிறது. அந்த வெட்டைத் தடுத்தால் வைரஸ் முன்னைவிட அதிகமாகப் பெருகுவதாக 2010இல் தெரியவந்தது. ஆக, கத்தரி முடுக்கவும் செய்கிறது, கட்டுப்படுத்தவும் செய்கிறது. வளர்ந்த மிங்க்கின் உடலில் இந்த வைரஸ் மெல்லப் பெருகி நெடுநாள் தங்குவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

தங்கும் வைரஸை விரட்ட உடல் அளவுமீறி எதிர்ப்புரதம் சுரக்கிறது. அது வைரஸை ஒழிப்பதில்லை; வைரஸோடு ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தில் படிந்து, விலங்கைத்தான் கொல்கிறது. தடுப்பூசி முயற்சிகளும் நோயைத் தீவிரப்படுத்தின. அதனால்தான் டென்மார்க் 1976 முதல் ரத்தப் பரிசோதனையை நம்பியது: மிங்க்குகளின் ரத்தத்தில் எதிர்ப்புரதத்தைத் தேடுவது, இருப்பவற்றை அகற்றுவது. அப்படியும் யூட்லாந்தின் வடகோடிப் பண்ணைகளில் நோய் விடாப்பிடியாக நின்றது.