குட்டையில் ஒரு வேட்டைச் செடி

மேச்சேரி போன்ற சமவெளி ஊர்களில், மழைக்குப்பின் நிறையும் குட்டைகளை உற்று நோக்குங்கள். நீர்மட்டத்திற்கு மேல் சிறு மஞ்சள் பூக்கள் தலைகாட்டினால், கீழே ஒரு வேட்டைச் செடி மிதக்கக்கூடும்! 'யூட்ரிகுலேரியா ஆரியா' என்பது அதன் பெயர். தமிழகக் குளங்களிலும் நெல்வயல்களிலும் வளரும் பூச்சியுண்ணும் தாவரம் இது.

இதற்கு வேர் கிடையாது. நீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகள் குறைவு. அக்குறையைப் போக்குபவை, நூல் போன்ற இலைகளில் அமைந்த சிறு பைகளே. 'சிறு தோல்பை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து செடியின் பெயர் பிறந்தது.

பை எவ்வாறு வேட்டையாடுகிறது? உள்ளிருக்கும் நீரை அது வெளியேற்றுகிறது. சுவர்கள் குழிந்து, உள்ளே அழுத்தம் குறைகிறது. வாயிலிலுள்ள மயிர்களைச் சிற்றுயிர் ஒன்று தொட்டதும் கதவு உட்புறம் திறக்கிறது. நீரோடு அவ்வுயிரும் உறிஞ்சப்படுகிறது. கதவு மூடிக்கொள்கிறது. பின்னர் செரிமானம்தான்!

சிற்றுயிர் தானே தலையால் முட்டி நுழைகிறது என 1875-இல் டார்வின் எழுதினார். உறிஞ்சலுக்கு ஆகும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை 2011-இல் அதிவேகப் படக்கருவி காட்டியது. அவர் கண்ணுக்கு அது தப்பியதில் வியப்பில்லை.

கழிவுநீர் சேர்ந்து வெங்காயத் தாமரை மூடிய குட்டையில், ஒளியின்றி இச்செடி மறைந்துவிடும். எனவே மஞ்சள் பூவைக் கண்டால் மகிழுங்கள். ஒளி புகும் நீர் அங்கு இன்னும் இருக்கிறது.