இறுகப் பிடித்தால் அளவு தெரியாது

உடலிலுள்ள உலோக அயனியைப் பிடித்து ஒளிரும் மூலக்கூறு என்றதும், எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்ல உணரி என்றே எண்ணத் தோன்றும். அது தவறு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஏ. பிரசன்ன டி சில்வா வகுத்த அமைப்பைப் பாருங்கள். ஒளிரும் பகுதி ஒன்று, அயனியைப் பிடிக்கும் பகுதி ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இணைப்பு. பிடிக்கும் பகுதி காலியாக இருந்தால் அங்கிருந்து ஓர் எலக்ட்ரான் தாவி ஒளியை அணைத்துவிடும். சோடியம் வந்து அமர்ந்ததும் எலக்ட்ரானால் தாவ முடியாது; ஒளி எழும். இந்த வழியில் உருவான சோடியம் உணரி இரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்குள் சென்றது. நம் இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 120-க்குக் கீழே இறங்கினால் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். இறுகப் பிடிக்கும் மூலக்கூறு 120-இலும் நிரம்பியிருக்கும், 145-இலும் நிரம்பியிருக்கும். இரண்டிலும் ஒரே ஒளிதான். மருத்துவருக்கு வேண்டியதோ அந்த வித்தியாசம். அதைக் காட்ட, இரத்தத்தில் உள்ள சோடிய அளவையொட்டிப் பாதி நிரம்பிப் பாதி காலியாக நிற்கும் தளர்ந்த பிடி தேவை.

செல்லுக்குள் போனால் சிக்கல் இன்னும் ஆழமானது. ஓய்விலிருக்கும் செல்லில் கட்டற்ற கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 100 நானோமோல். வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. வேதியியலாளர் ரோஜர் சியென் முதலில் உருவாக்கிய குவின்-2 என்ற ஒளிரும் சாயம் கால்சியத்தை இறுகப் பிடித்தது, ஆனால் மங்கலாகவே ஒளிர்ந்தது. ஒளி தெரிய வேண்டுமென்று நிறையச் செலுத்தினால், சாயமே கால்சியத்தை உறிஞ்சி, அளக்க வந்த ஏற்ற இறக்கத்தை மழுக்கிவிடும். 1985-இல் அவர் குழு வெளியிட்ட ஃபுரா-2 சற்றுத் தளர்வாகப் பிடித்தது. 30 மடங்கு வரை கூடுதலாக ஒளிர்ந்ததால் கொஞ்சம் சாயமே போதும். 340, 380 நானோமீட்டர் என இரு அலைநீள ஒளியைப் பாய்ச்சி விகிதம் பார்த்தால், ஒரு செல்லில் சாயம் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் புகுந்திருப்பதும் கணக்கைக் கெடுக்காது.

ஏரித் தண்ணீரில் துளியளவு பாதரசத்தைத் தேடும்போது இறுகிய பிடிதானே வேண்டும் என்று கேட்கலாம். வேண்டும்தான்; அங்கே கேள்வி, நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பது. ஒருமுறை பிடித்து விடாத மூலக்கூறு அதற்குப் போதும். ஆனால் ஏறியிறங்கும் அளவைத் தொடர்ந்து காட்ட அதனால் முடியாது. செல்லுக்குள் கட்டற்ற துத்தநாகம் மிக மிகக் குறைவு என்பதால் அதற்கும் பிடி இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அயனிக்கும் உடல் வைத்திருக்கும் அளவுதான் பிடியைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஆல்கஹால் கலந்த கரைசலில் பளிச்சென்று ஒளிரும் புதிய மூலக்கூறைக் காட்டி, இது உயிரியலுக்கான உணரி என்று யாரேனும் சொன்னால், முதலில் அதன் பிணைப்பு வலிமையைக் கேட்க வேண்டும். அடுத்து, செல்லில் அந்த அயனி எவ்வளவு இருக்கிறதென்று கேட்க வேண்டும்.