உயிரேட்டின் பாடபேதம்

சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஓரேட்டில் மட்டும் காணும் வேறுபாடு பெரும்பாலும் எழுதினோர் பிழை. பல ஏடுகளிற் காண்பதோ பாடபேதம். மரபணுவைப் படிப்போர்க்கும் இவ்விவேகம் வேண்டியிருக்கிறது.

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் ராகமவில் ஆராய்ந்துவரும் தலசீமியா நோயையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் அதற்கு மிகுதியாகக் காணப்படும் காரணம், பீற்றா குளோபின் மரபணுவின் முதல் இடைப்பகுதியில் 5ஆம் எழுத்தான ஜி, சி ஆக மாறுவதாம். ஐஜிவி என்னும் மென்பொருள், அவ்விடத்தைப் பன்முறை படித்த வரிகளை ஓலைகள்போல் அடுக்கிக் காட்டும். மாறிய எழுத்து மட்டும் நிறத்துடன் தோன்றும். 30 வரிகளில் 1இல் மட்டும் நிறமெனில் இயந்திரத்தின் தவறென்று ஐயுறலாம். 15இல் எனில் அவர் பெரும்பாலும் காவி, நோயாளியல்லர்.

கணவன் மனைவி இருவருமே காவிகளாயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கிலொன்று. கடுமையாயின் அப்பிள்ளை வாரக்கணக்கு வைத்து இரத்தம் ஏற்றியே வாழவேண்டும். சாதகம் பார்ப்பதை நான் குறைகூறேன். காவியரை இனங்காண முதலில் இப்படமும் வேண்டியதில்லை. மணம் பேசுமுன் செய்யும் எளிய இரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் குறி தெரிந்துவிடும்.