காரண வாதத்தை வலுப்படுத்தல்

காரண வாதத்தை வலுப்படுத்தல் என்பது, "இதனால்தான் அது நிகழ்ந்தது" என்னும் முடிவுக்குக் கூடுதல் ஆதரவு தரும் கூற்றைக் கண்டறிவதாகும். போட்டித் தேர்வுகளின் தருக்கத் திறன் பகுதியில் இவ்வகை வினாக்கள் இடம்பெறுகின்றன. இந்தியக் குடிமைப் பணி முதனிலைத் தேர்வில் 2011 முதல் நடைபெறும் இரண்டாம் தாளின் (சிசாட்) பாடத்திட்டத்திலும் தருக்கப் பகுத்தறிவு உள்ளது.

அடிப்படை

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. மூன்றாவது ஒன்று இரண்டையும் உண்டாக்கியிருக்கலாம், விளைவு எனக் கருதியதே காரணமாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். இந்த ஐயங்களில் ஒன்றையேனும் குறைக்கும் கூற்றே வாதத்தை வலுப்படுத்தும்.

மாதிரி வினா

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ஏலக்காய் முக்கிய வணிகப் பொருள். போடியிலும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. அப்பயிரை வைத்து ஒரு கற்பனை வினா:

"ஒரு தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்த ஆண்டில் ஏலம் கூடுதலாகக் காய்த்தது. எனவே காய்ப்பு கூடியதற்குத் தேனீக்களே காரணம்." இதை வலுப்படுத்துவது எது?

(அ) மழையும் உரமும் ஒத்திருந்து, பெட்டி வைக்காத பக்கத்துத் தோட்டங்களில் காய்ப்பு கூடவில்லை.
(ஆ) தேன் விற்றதில் வருமானம் கிடைத்தது.
(இ) அவ்வாண்டு அத்தோட்டத்தில் மட்டும் புதிதாக நீர்ப்பாசனம் செய்யப்பட்டது.
(ஈ) ஏலக்காய் விலை உயர்ந்தது.

விடை (அ). இது மழை, உரம் என்னும் வேறு காரணங்களை விலக்குகிறது. (இ) வேறொரு காரணத்தைக் காட்டுவதால் வாதத்தைத் தளர்த்துகிறது. (ஆ), (ஈ) இரண்டும் காய்ப்பைப் பற்றியவை அல்ல.

வலுப்படுத்தும் வழிகள்

1. வேறு காரணத்தை விலக்குதல்: மேலே கண்ட (அ) இவ்வகை.
2. திசையை உறுதிசெய்தல்: பூ மிகுந்ததைப் பார்த்தபின் பெட்டி வைத்திருந்தால் வாதம் தளரும். பூக்கும் முன்பே வைத்ததாகத் தெரிந்தால் வலுக்கும்.
3. காரணம் இல்லாதபோது விளைவும் இல்லை எனக் காட்டுதல்: ஏலப் பூங்கொத்துகளை வலையால் மூடித் தேனீக்களைத் தடுத்தால் காய் பிடிப்பது மிகவும் குறைகிறது. ஜான் ஸ்டுவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் இம்முறையை 'வேறுபாட்டு முறை' என விளக்கினார்.
4. செயல்படும் விதத்தைக் காட்டுதல்: ஏலப் பூவில் சூலகமுடி மகரந்தப்பைக்குச் சற்று மேலே உள்ளது. மகரந்தம் தானாக அதை எளிதில் அடையாது. தேனீ கொண்டுசேர்க்க வேண்டும்.

நிறுவுதல் வேறு

வலுப்படுத்தும் கூற்று முடிவை முழுமையாக நிறுவ வேண்டியதில்லை. முன்பைவிட நம்பத்தக்கதாக்கினால் போதும். தேர்வர் ஒவ்வொரு தெரிவையும் உண்மை என்றே கொண்டு, "இது உண்மையானால் முடிவின் மீது நம்பிக்கை கூடுகிறதா?" என்று கேட்க வேண்டும். முடிவைத் திரும்பச் சொல்லும் தெரிவும், பொருளால் மட்டும் தொடர்புடைய தெரிவும் விடையாகா.

நடைமுறைப் பயன்

தேனீ வரத்துக் குறைவால் காய்ப்பு குறைந்த தோட்டத்தில், பூச்சித் தாக்குதலே காரணம் என முடிவுசெய்து, பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் மருந்து தெளித்தால் தேனீக்களும் மடியும். காய்ப்பு மேலும் குறையும். மூடிய பூங்கொத்தையும் திறந்த பூங்கொத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தச் செலவையும் இழப்பையும் தவிர்க்க உதவும்.