குருதி சொல்வதும் ஊர் சொல்வதும்

ரிஷிமூலமும் நதிமூலமும் ஆராயக் கூடாது என்பது தமிழர் வழக்கு. ஆயினும், கடல் கடந்து வந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆராய்ச்சியில் வேட்கை மிகுவது இயல்பே. ஜொகூரில் குளுவாங், சிகாமட், லாபிஸ், குளாய் முதலிய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களில், "தாத்தா எந்த ஊர்?" என்று கேட்டால், "திருச்சிப் பக்கம்", "சேலத்துப் பக்கம்" என்ற அளவில் விடை நின்றுவிடுவது உண்டு. அந்தப் 'பக்கம்' என்ற சொல்லைக் கடந்து ஊருக்குள் நுழைய வழி உண்டா? உமிழ்நீரைச் சிறு குழாயில் அடைத்தனுப்பிச் செய்துகொள்ளும் டி.என்.ஏ. சோதனையே அவ்வழி என்று இன்று பலர் கருதுகின்றனர். அச்சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

ஊர்ப்பெயர் மறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டபின், கங்காணி முறையே ஆள் சேர்க்கும் முதன்மை வழியாயிற்று. இந்திய அரசாங்கம் 1938-இல் விதித்த தடையோடு அதுவும் முடிவுற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிப் பல தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசென்ற தமிழரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர்களோடு ஊர் நினைவும் மடிந்தது. மலேசியத் தமிழர் பெயரில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்த் தொடருக்குப்பின் தந்தை பெயரே நிற்கிறது. ஊருக்கு அங்கே இடமில்லை.

இனி, சோதனையின் இயல்பைக் காண்போம். மனித உயிரணுவின் உட்கருவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்டிரியாவில் உள்ள டி.என்.ஏ.வைத் தாய் தன் மக்கள் அனைவருக்கும் தருவாள். ஆனால் மகளின் வழியாகவே அது மேலும் தொடரும். ஏனைய 22 இணைகளில் இருபுறத்து முன்னோர் பங்கும் கலந்திருக்கும். உறவினரைக் கண்டறியப் பெரிதும் உதவுவது இப்பகுதியே.

அண்ணன் தம்பியரிடையே சராசரியாக 50 விழுக்காடு பொதுவாக இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளிடையே 12.5, பேரப்பிள்ளைகளிடையே 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 1920-களில் தம்பி கப்பலேற, அண்ணன் ஊரிலேயே தங்கினார் என்று கொள்வோம். இருவருடைய பேரப்பிள்ளைகளும் சோதனை செய்துகொண்டால் உறவு வெளிப்பட்டே தீரும். அடுத்த தலைமுறையிலோ பொதுப்பங்கு 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். பத்தில் ஓர் இணைக்கு உறவு புலப்படாமலே போகலாம். காலம் தாழ்த்தத் தாழ்த்தத் தடம் மங்கும் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஊரில் தங்கியவரின் பேரனும் அதே நிறுவனத்தின் பட்டியலில் இருந்தாலன்றிப் பொருத்தம் கிடைக்காது. அப்பட்டியல்களில் மிகுதியாக இருப்போர் அமெரிக்கரும் ஐரோப்பியருமே; தமிழ்நாட்டுச் சிற்றூர்வாசிகள் மிகச் சிலர். முன்னோர் நிலப்பகுதியை மதிப்பிட்டுக் கூறும் பகுதியும் 'தென்னிந்தியா' போன்ற பெரும்பரப்பைச் சுட்டுமேயன்றி, கிராமத்தின் பெயரைத் தராது.

மற்றொரு சிக்கல் தமிழரின் மணமுறையால் எழுவது. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவரின் பிள்ளைக்குப் பாட்டன் பாட்டியரின் பெற்றோர் எண்மர் அல்லர், அறுவரே. ஒரே முன்னோரின் பங்கு இரு வழிகளில் வந்து சேர்வதால் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலத் தோன்றும். ஒரு சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இவ்விளைவை மிகுவிக்கும். தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றுள் 81 குழுக்கள் சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து வலுவாகக் கிளைத்தவை என்று கண்டது. ஆகவே, யார் யாருக்கு என்ன முறை என்று எழுதிய வமிசப் பட்டியல் கையில் இல்லாமல் சோதனை முடிவைப் படிப்பது மயக்கத்தையே தரும்.

அப்பட்டியலுக்கு வேண்டிய தடயங்கள் ஜொகூரிலேயே கிடைக்கக்கூடும். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள உற்றார் உறவினரையே அழைத்து வந்தான். ஆதலால் தாத்தாவோடு ஒரே லயத்தில் குடியிருந்தவர் வீட்டில் ஊர்ப்பெயர் தங்கியிருக்கலாம். பழைய கடித உறையின் அஞ்சல் முத்திரையும், பணம் அனுப்பிய ரசீதும் ஊரைக் காட்டிக்கொடுக்கும். இவற்றினும் சிறந்த சான்று குலதெய்வம். மாரியம்மன் எத்தோட்டத்திலும் குடிகொள்வாள். குலதெய்வமோ ஓர் ஊரின் எல்லையில், ஓர் ஏரிக்கரையில் வேரூன்றியது. அதன் பெயரும் இடமும் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

சோதனையில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வறுமையாலும் போர்க்காலத் துன்பத்தாலும் மலாயாச் சீனர் சிலர் தம் பெண்மகவுகளைத் தமிழர் இல்லங்களில் வளர்க்கக் கொடுத்தனர். அப்பெண்கள் தமிழ்ப் பெயர் பூண்டு, தமிழே பேசித் தமிழரை மணந்து வாழ்ந்தனர். அத்தகைய பாட்டியின் பேரன் சோதனை செய்துகொண்டால், ஏறத்தாழக் கால்பங்கு கிழக்காசிய மரபு வெளிப்படும். வீட்டார் காலமெல்லாம் அன்பினால் மறைத்து வைத்ததை ஒரு தாள் ஒரு நொடியில் உரைத்துவிடும். அச்சோதனை பெற்றவளை அறியும். பாலூட்டித் தாலாட்டி வளர்த்தவளை அறியாது. ஆதலின் முதியோரிடம் முன்கூட்டிப் பேசுவது கடமையாகும்.

ஒருவர் தரும் உமிழ்நீரில் அவருடைய உறவினர் செய்தியும் அடங்கியிருக்கிறது. இத்துறையின் பெருநிறுவனங்களுள் ஒன்றான டுவென்டி த்ரீ அண்ட் மீயில் 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியது. ஆகவே உறவினரின் இசைவையும் கேட்டறிதல் முறை.

முதலில் முதியோர் வாய்மொழி, அடுத்துப் பழைய தாள்கள், இறுதியிலேயே டி.என்.ஏ. சோதனை என்பதே ஏற்ற வரிசை. சோதனை அடுத்த ஆண்டும் கிடைக்கும். தொண்ணூறு வயதுப் பாட்டியின் நினைவு அதுவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, ஊர், குலதெய்வம், தோட்டம், கங்காணி பெயர் ஆகிய நான்கையும் எழுதிவரச் செய்தால், எந்த ஆய்வுக்கூடமும் தரமுடியாத ஆவணம் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உருவாகும்.